காபேஸில் சொன்ன "வாறன்"

"மாமா, மலருக்கு ஒரு கட்டுரை வேணும். நீங்கள் அந்தக் காலத்தில பஸ்ஸில ஆபிரிக்காவெல்லாம் போய் வந்தனீங்களாம். பகிடியா எழுதித் தாங்கோ" என்று ஆர்த்தி கேட்டாள். சூரிச்சின் ஓர்லிகோனில் எங்கள் பிள்ளைகள் நடத்துகிற ஆண்டு மலருக்கு அவள்தான் ஆசிரியர். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. கேட்டுவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "சரி மாமா, நான் போறன்" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "போறன் எண்டு சொல்லாதை பிள்ளை."

"அப்ப என்ன சொல்லுறது?"

வாயைத் திறந்தேன். மற்றச் சொல் வரவில்லை. "ஒண்டும் சொல்லாமல் போ" என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். அவளில் பிழையில்லை.

பகிடிக் கட்டுரை என்னால் ஏலாது. நடந்ததை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் ஆர்த்தி கிழித்துப் போடட்டும்.

என் பெயர் கனகசபை. ஊரைவிட்டு வெளிக்கிட்டு முதலில் கிரேக்கக் கப்பல் ஒன்றில் சமையல் செய்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் சுவிஸின் துன் பட்டினத்தில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினிக்கு வந்து சேர்ந்தேன். வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற பெர்மிற். முதலாளி கையெழுத்து வைத்தால் இருக்கலாம், வைக்காவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். அந்தக் குசினியில்தான் ஜேர்மன் மொழியைப் பொறுக்கினேன். படித்தேன் என்று சொல்ல மாட்டேன். சட்டி கழுவுகிற சத்தத்துக்கிடையில் காதில் விழுந்த சொற்களை எடுத்து, தமிழில் நினைத்து, சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்துக் கதைத்தேன். வேலை முடிந்து வெளிக்கிடும்போது "இஹ் கொம்மெ" என்பேன். "நான் வாறன்" என்பதற்கு அதுதானே ஜேர்மன். மற்றவர்கள் சிரிப்பார்கள். என்னுடைய உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரிப்பேன்.

எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வெளிக்கிடும்போது போறன் என்று சொல்ல மாட்டோம். திரும்பி வராத போக்குக்குத்தான் அந்தச் சொல். கடைக்குப் போனாலும் கண்டம் தாண்டிப் போனாலும் "போட்டு வாறன்", அவசரமென்றால் வெறும் "வாறன்". செத்த வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வருவோம். அம்மாவுக்கும் படலையில் நின்று "வாறன்" என்றுதான் சொன்னேன். சண்டை தொடங்கியது, அவ செத்தா, நான் போகவில்லை. அதை அம்மா பொய் என்று எடுத்திருக்க மாட்டா. அந்தச் சொல்லின் பாரம் எவ்வளவு என்று அவவுக்குத் தெரியும்.

துன்னில் இருந்து ஆரா பட்டினத்துக்கு வந்தேன். அங்கே ஒரு சின்னச் சுற்றுலா பஸ் கொம்பனி. பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒரு குட்டிக் குசினி கட்டியிருந்தார்கள். கோப்பி, சூப், சுடுநீரில் போட்ட சொசேஜ், உருளைக்கிழங்குச் சாலட். ஓய்வு பெற்ற சுவிஸ் சனங்களை ஏற்றிக்கொண்டு வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் வட ஆபிரிக்கக் கரைக்குப் போகும். மலை கடந்து ஜெனோவா, அங்கே பஸ்ஸோடு கப்பலில் ஏறினால் தூனிசியாவின் தூனிஸ். பிறகு கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு சூஸ், ஸ்ஃபாக்ஸ், காபேஸ், கடைசியில் ஜெர்பா தீவு. அதே பாதையில் திரும்பல்.

பஸ்ஸுக்குத் தலைவர் புரூகர் என்ற சுவிஸ்காரர். ஓட்டுவதும் அவர்தான், ஆட்களை மேய்ப்பதும் அவர்தான். அவரால் கனகசபை என்ற பெயரைச் சொல்ல முடியவில்லை. முதல் நாளே "கானா" என்று வெட்டிவிட்டார். ஆபிரிக்க நாடு ஒன்றின் பெயரை எனக்கு வைத்து ஆபிரிக்காவுக்கே கூட்டிக்கொண்டு போனார். தூனிஸில் இறங்கினால், பயணிகளில் யாராவது ஒருவர் என் தோளில் தட்டி, "எப்படி கானா, வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறதா?" என்று கேட்காமல் விட்டதில்லை. ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கோப்பி ஊற்றுவேன்.

புரூகரைக் கெட்ட மனிதர் என்று சொல்ல வரவில்லை. சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதேயில்லை. காலையில் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் தானே துடைப்பார், என்னிடம் விடமாட்டார். புறப்படுமுன் பின்னாலிருந்து முன்னுக்கு நடந்து, ஒவ்வொரு இருக்கையின் தலைப்பக்கத்தையும் மடக்கிய விரலின் மொழியால் தட்டி எண்ணுவார். ஆட்களைத் தொட மாட்டார். ஆள் இருந்தால் ஒரு தட்டு, இல்லாவிட்டால் இரண்டு. இரண்டு தட்டுச் சத்தம் கேட்டால் எல்லோரும் ஜன்னலால் எட்டிப் பார்ப்பார்கள். நிறுத்துகிற இடத்தில் எல்லாம் பஸ் படியில் இருந்து ஒரு தோடம்பழம் உரிப்பார். தோலை ஒரே நாடாவாக எடுத்து, சுளை சுளையாகத் தின்று, கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினால் பஸ் புறப்படும். மணிக்கூட்டைப் பார்க்கிறவர்கள் இல்லை, எல்லோரும் அந்தத் தோடம்பழத்தைத்தான் பார்ப்பார்கள். "காத்திருந்தால் ஒருவருக்கு நல்லது, மற்ற எல்லோருக்கும் கெட்டது" என்பது அவருடைய வேதம்.

அந்த வசந்தப் பயணத்தில் ஃபிரவ் லூத்தி என்று ஒரு அம்மா வந்தார். புருஷன் செத்துப்போன, பிள்ளை இல்லாத, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ரீச்சர். கடைசி இருக்கையில், என் குசினிக்குப் பக்கத்தில் இருந்தார். சும்மா இருக்க அவரால் முடியாது. இரண்டாம் நாளே கத்தியைப் பறித்து உருளைக்கிழங்கு சீவத் தொடங்கிவிட்டார். சீவிக்கொண்டே என் ஜேர்மனைத் திருத்துவார். வினைச்சொல் எங்கே நிற்க வேண்டும், ஆண்பால் எது, பெண்பால் எது. நான் கரண்டியை ஆணாக்கினேனோ பெண்ணாக்கினேனோ, பிழையென்றால் விரலை ஆட்டி "நைன், கானா" என்பார். எனக்குச் சிலநேரம் எரிச்சலும் வந்தது. ஆனால் இந்தச் சுவிஸுக்கு வந்த பிறகு என்னை ஒரு ஆளாக மதித்துத் திருத்தியது அவர் ஒருத்தர்தான். அந்த அம்மாவில் எனக்குப் பட்சம் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் திருத்திய மனுசி ஒரே ஒரு பிழையை மட்டும் திருத்தவில்லை. நிறுத்துகிற இடத்தில் தண்ணீர் பிடிக்கவோ பாண் வாங்கவோ இறங்கும்போது, பழக்கதோஷத்தில் அவரைப் பார்த்து "இஹ் கொம்மெ, ஃபிரவ் லூத்தி" என்பேன். அவர் தலையாட்டுவார். கொஞ்ச நேரத்தில் பாணோடு திரும்பி வந்துவிடுவேன். சொன்னபடி ஒவ்வொரு முறையும் வந்ததால் அவருடைய காதில் அது பிழையாக விழவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஜெர்பாவுக்குப் போய்த் திரும்பும் வழியில் காபேஸில் தங்கினோம். பேரீச்சைத் தோட்டமும் கடலும் ஒன்றாக இருக்கிற ஊர். மறுநாள் காலையில், ஹோட்டல் முற்றத்தில் கழுவிவிட்ட ஈரத் தரையில் ஃபிரவ் லூத்தி வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. எழும்ப முடியவில்லை. எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டி ஹெடிக்கு ஜேர்மனும் பிரெஞ்சும் தண்ணீர்பட்ட பாடு. அவன் ஓடி ஆள் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டொக்டர் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இங்கே வெட்டிப் பொருத்த வசதியில்லை, ஸ்ஃபாக்ஸுக்குப் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், பஸ்ஸில் ஏற்றக்கூடாது, அம்புலன்ஸ் நாளைக்குத்தான் வரும் என்றார்.

தூனிஸில் எங்கள் கப்பலும் நாளைக்குத்தான். விட்டால் அடுத்த கிழமை.

புரூகர் ஒவ்வொன்றாகச் செய்தார். அந்த அம்மாவின் கடவுச்சீட்டை ஆஸ்பத்திரியில் கொடுத்தார். பெட்டியைத் தானே தூக்கி வந்து கட்டிலுக்குக் கீழே வைத்தார். ஆராவுக்கு ஃபோன் எடுத்து, காப்புறுதி ஆட்களுக்குச் சொல்லச் சொன்னார். ஆரையாவது விட்டுவிட்டுப் போகலாமே என்று ஹெடி கேட்டான். புரூகரால் பஸ்ஸை விட முடியாது. ஹெடிக்கு மற்றப் பயணிகளைத் துறைமுகத்தில் கடத்திவிட வேண்டும். எனக்குக் கூட்ட விசா, பஸ்ஸோடு வந்தவன் பஸ்ஸோடு போக வேண்டும். தவறினால் சுவிஸ் எல்லையில் என்னை உள்ளே விடுவார்களோ என்பது அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். நான் இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கேட்கவும் ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு வேலை மிச்சம் இருந்தது. பயணிக்குச் சொல்ல வேண்டும். "அவருக்கு உன்னைப் பிடிக்கும், கானா. நீ போய்ச் சொல்" என்றார் புரூகர். தானும் கூட வந்து கதவடியில் நின்றார்.

ஃபிரவ் லூத்தி வலியில் வெளிறிப்போய்க் கிடந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக என்னவோ கேட்டார். பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. பஸ் போகிறதா என்று கேட்டது விளங்கியது. "ஓம், பஸ் போகுது" என்று ஜேர்மனில் சொன்னேன். அழத் தொடங்கிவிட்டார். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த மனுசி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியவில்லை. அம்புலன்ஸ், ஸ்ஃபாக்ஸ், நல்ல டொக்டர் என்று அந்த மொழியில் கோத்துச் சொல்ல எனக்குச் சொல் காணாது. கதவடியில் புரூகர் தொண்டையைச் செருமினார். கையை விடுவித்துக்கொண்டு, எங்கள் முறைப்படி விடை பெற்றேன்.

"இஹ் கொம்மெ, ஃபிரவ் லூத்தி. இஹ் கொம்மெ."

அழுகை நின்றது. முகம் தெளிந்தது. விரலைத் தூக்கி, "குட், கானா" என்றார். என்னுடைய ஜேர்மனை அவர் சரியென்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்ததும் புரூகர் என் முதுகில் தட்டினார். "நன்றாகச் செய்தாய்" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதைத்தான் இன்றைக்கும் செரிக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறி எண்ணியபோது கடைசி இருக்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு பஸ் புறப்பட்டது.

ஆராவுக்கு வந்து கொஞ்ச நாளில், ஃபிரவ் லூத்தி தூனிசியாவில் இறந்துவிட்டார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வயது போனவர், எலும்பு முறிவு, பிறகு நெஞ்சுச் சளி என்றார்கள். அழுதேன். விதி என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க எனக்கு ஒன்றும் தெரியாது.

இலையுதிர் காலத்தில் மறுபடியும் போனோம். தூனிஸ் துறைமுகத்தில் ஹெடி ஏறினான். வழமையாகக் கட்டிப்பிடிப்பவன், அன்றைக்குக் கையை மட்டும் தந்தான். காபேஸ் வந்ததும், பயணிகள் சாப்பிடுகிற நேரத்தில், "வா, ஒரு இடத்துக்குப் போக வேண்டும்" என்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

வயதான தாதி ஒருத்தி வந்தாள். ஹெடி பிரெஞ்சில் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா கானா?" என்றாள். அது எனக்கே விளங்கியது. பிறகு அவள் சொல்லச் சொல்ல ஹெடி ஜேர்மனில் சொன்னான்.

"மறுநாள் அம்புலன்ஸ் வந்ததாம். அந்த அம்மா ஏற மாட்டேன் என்றாராம். ஒப்புதல் இல்லாமல் கொண்டுபோக முடியாதாம். அதற்கடுத்த நாளும் கேட்டார்களாம். 'கானா கொம்ட்' என்றாராம். இவர்களுக்குக் கானா என்றால் நாடு. நாடு எப்படி வரும்? அம்மாவுக்கு வலியில் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்தார்களாம். ஆராவிலிருந்து ஃபோன் வந்ததாம். ஆள் அனுப்பவா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம், ஆள் வருகிறது என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டாராம்."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. "ஏன் அப்பிடிச் சொன்னவ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

ஹெடி என்ன கேட்டேன் என்று ஊகித்துக்கொண்டான். "நீதானே வருகிறேன் என்று சொன்னாய்" என்றான்.

"விடை பெற்றனான்" என்று சொல்லத்தான் வாய் உன்னியது. அதற்கு ஜேர்மனில் என்ன சொல் என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது.

தாதி இன்னும் ஒன்று சொன்னாள். அந்த அம்மா சப்பாத்தைக் கழற்ற விடவில்லையாம். இடுப்பு முறிந்த கால் வீங்கிக் கிடக்க, நடைச் சப்பாத்தைப் போட்டு நாடாவைக் கட்டச் சொன்னாராம். பஸ் வந்தால் காத்திருக்காது, தோடம்பழம் முடியுமுன் ஏற வேண்டும் என்றாராம். காய்ச்சல் ஏறி, வேண்டாம் என்று சொல்லப் பலமில்லாமல் போன பிறகுதான் ஸ்ஃபாக்ஸுக்குக் கொண்டுபோனார்களாம். பிந்திவிட்டது.

திரும்பி வந்தபோது புரூகர் பஸ் படியில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த ஜேர்மன் முழுவதையும் திரட்டிக் கேட்டேன்.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் தோலை ஒரே நாடாவாக எடுத்து முடித்தார். "தெரியும்" என்றார்.

"ஏன் திருத்தேல்லை?"

"அவர் அழுகையை நிறுத்தினார், கானா. பஸ்ஸில் எனக்கு மற்ற ஆட்கள் இருந்தார்கள். மறுநாள் அம்புலன்ஸில் ஏறிவிடுவார் என்று நினைத்தேன். எவரும் அப்படித்தான் நினைப்பார்கள்."

அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்கவில்லை. வருடக் கடைசியில் என் பெர்மிற்றுக்கு அவருடைய நல்ல வார்த்தை வேண்டும். அன்றைக்கு அவர் அந்தத் தோடம்பழத்தைத் தின்னவில்லை. உரித்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் பஸ் நேரத்துக்குப் புறப்பட்டது. சாகுமட்டும் அவர் என்னோடு மரியாதையாகத்தான் இருந்தார், அந்தக் கதையை நாங்கள் மறுபடி எடுக்கவேயில்லை.

அந்தக் கரைக்கு இன்னும் சில வருடங்கள் போனேன். வேலை என்றால் வேலைதானே. பிறகு சூரிச்சில் ஆஸ்பத்திரிக் குசினி ஒன்றில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். ஜேர்மன் ஒழுங்காகப் படித்தேன். விடை பெறுவதற்கு எத்தனையோ சொற்கள் அந்த மொழியில் இருக்கின்றன. ஒன்றும் எனக்கு உதவவில்லை. தமிழ்ச் சொல்லும் போய்விட்டது. வெளிக்கிடும்போது வாயை மூடிக்கொண்டு வெளிக்கிடப் பழகினேன். என் மனிசி தவமணிக்கு இது பெரிய ஆக்கினை. வேலைக்குப் போகிறபோதெல்லாம் கதவடியில் நின்று, "வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையே? வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன குறைஞ்சு போவியள்?" என்று கத்துவாள். அவளுக்குக் காபேஸ் கதையை நான் சொல்லவில்லை. சொன்னால், "அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது" என்று ஆறுதல் சொல்வாள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம்.

போன மாரியில் அவளுக்கு ஒப்பரேசன். அதற்கு முதல்நாள் பின்னேரம், பார்வையாளர் போகவேண்டும் என்று தாதி வந்து சொன்னாள். நான் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வழமைபோலப் பேசாமல் எழும்பினேன். தவமணி படுத்தபடியே பார்த்தாள்.

"இதென்ன செத்த வீடே, சொல்லாமல் போறியள்?"

கதவடியில் நின்றுவிட்டேன். அவள் பகிடிக்குச் சொல்லவில்லை, கண்ணில் பயம் இருந்தது. சொல்லாமல் போனால் செத்த வீட்டு முறை. சொன்னால் காபேஸ். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. திரும்பி வந்து அவளுடைய கையைப் பிடித்தேன்.

"வாறன், தவம்" என்றேன்.

சிரித்தாள். "கடைசியில கொழுக்கட்டையை விழுங்கியாச்சு" என்றாள்.

காலையில் முதல் ட்ராமில் போனேன். அவள் கேட்ட கம்பளிச் சட்டையும் கொண்டுபோனேன். ஒப்பரேசனுக்குக் கொண்டுபோக முன்னமே, விடியப்புறம், இருதயம் நின்றுவிட்டதாம். வீட்டுக்கு ஃபோன் எடுத்தார்களாம், நான் அப்போது ட்ராமில். கட்டிலில் புது விரிப்பு இழுத்து விரித்திருந்தது. கீழே அவளுடைய சப்பாத்து இரண்டும் சேர்த்து, வாசலைப் பார்க்க வைத்திருந்தது.

"வந்திட்டன்" என்றேன்.